கொண்டை அன்றில் வாழும் வட்டம்

சீன நாட்டின் நடுப்பகுதியில் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கின்றது சின்லிங் என்னும் மலைத்தொடர். அந்நாட்டை வடபுலம், தென்புலம் என இரு கூறாகப் பிரிக்கும் எல்லை இதுவே என்று சீனர் கருதுவர். மலைக்கு வடக்கே மழை குறைவு, குளிர் மிகுதி, அங்குள்ள உழவர் கோதுமையை விளைவிப்பர். மலைக்குத் தெற்கே மழை மிகுதி, காற்று ஈரமுடையது, அங்குள்ளோர் நெல்லை விளைவித்துச் சோறு உண்பர். இத்தொடரின் தென்சரிவில், ஷென்சி மாகாணத்தின் தென்கோடியை அடுத்து, ஹன் ஆறு பாயும் சமவெளியைத் தழுவிக்கொண்டு அமைந்திருப்பது யாங் வட்டம். இதன் பரப்பு ஏறத்தாழ 3,200 சதுர கிலோமீட்டர். வடக்கெல்லையில் 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த கொடுமுடிகள் நிற்கின்றன. தெற்கே ஆற்றங்கரையில் நன்செய் வயல்கள் பரந்து கிடக்கின்றன. இவ்விரண்டிற்கும் இடையே சிறு குன்றுகளும், அக்குன்றுகளின் சரிவுகளில் படிப்படியாக வெட்டப்பட்ட வயல்களும், ஓடைகளும், அவற்றின் ஓரங்களில் சிறு சிறு ஊர்களும் காணப்படுகின்றன.

இவ்வட்டத்தின் பெயரை நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம். ஆயினும் நாம் அனைவரும் இதற்கு ஒரு வகையில் கடன்பட்டவரே ஆவோம். மரப்பட்டை, கந்தல் துணி, பழைய மீன்வலை முதலியவற்றைக் கூழாக்கிக் காகிதம் செய்யும் முறையைத் திருத்தமுற அமைத்து, கி.பி. 105-ஆம் ஆண்டில் சீனப் பேரரசருக்கு அறிவித்தவர் சாய் லூன் என்பவர். அவருக்கு மானியமாக வழங்கப்பட்ட லோங்திங் என்னும் ஊர் இவ்வட்டத்தில்தான் உள்ளது. அவருடைய கல்லறையும் அங்கேயே இருக்கின்றது. இப்பாடம் அச்சாகியுள்ள தாளுக்கும் அக்கல்லறைக்கும் உள்ள உறவை எண்ணிப் பார்த்தால் வியப்பே மேலிடும். எனினும், இக்காலத்தில் யாங் வட்டத்தை உலகறியச் செய்தது காகிதம் அன்று. ஒரு பறவையே ஆகும்.

அப்பறவையைச் சீனர் சூ ஹுவான் என்பர். ஜப்பானியர் தோக்கி என்பர். யாங் வட்டத்து உழவர்கள் செந்நாரை என்னும் பொருள்படும் பெயரால் அதனை அழைத்து வந்தனர். நம் நாட்டு ஏரிகளிலும் வயல்களிலும் காணப்படும் அரிவாள் மூக்கன் என்னும் அன்றிற் பறவையின் குடும்பத்தைச் சேர்ந்தது அது. பிடரியில் நீண்ட இறகுகள் கொண்டை போலத் தொங்குவதால், நாம் அதனைக் கொண்டை அன்றில் என்று வழங்கலாம். அலகு முதல் வால் வரை அளந்தால் முக்கால் மீட்டருக்குச் சற்று மிகுதியான நீளம் இருக்கும். உடல் வெண்ணிறமானது. முகத்தில் இறகு இல்லை. அங்குத் தோல் செக்கச்செவேலென்று இருக்கும். கால்களும் சிவப்பு. கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகு கறுப்பாயினும், அதன் நுனியிலும் குங்குமம் தோய்ந்தாற்போன்ற செம்மை உண்டு. தரையில் நிற்கும்போது இதனை வெறும் வெள்ளைப் பறவை என்றே எண்ணுவோம். சிறகை விரித்து அது மேலே எழும்பும்போதுதான் அதன் அழகு முழுவதும் வெளிப்படும். சிறகின் அடிப்புறம் முழுவதும் மென்மையான இளஞ்சிவப்பு நிறமாய் ஒளிவிடும். ஜப்பானியர் அந்நிறத்திற்குத் தோக்கி நிறம் என்றே பெயரிட்டு வழங்குகின்றனர்.

இப்பறவைக்கு வேறெப்பறவைக்கும் எளிதிற் காணாத இயல்பு ஒன்று உண்டு. இனப்பெருக்கக் காலம் நெருங்கும்போது, அதன் கழுத்துத் தோலிலிருந்து மை போன்ற கருநிறப் பொருள் கசிகின்றது. பறவை நீராடி முடித்ததும், தன் தலையையும் கழுத்தையும் முதுகிலும் தோளிலும் திரும்பத் திரும்பத் தேய்த்து அம்மையைப் பூசிக்கொள்ளும். சில நாள்களில் வெண்ணிற மேனி சாம்பல் நிறமாக மாறிவிடும். முற்காலத்து அறிஞருள் சிலர், வெள்ளைப் பறவையும் சாம்பற் பறவையும் இருவேறு இனங்கள் என்றே எண்ணி ஏமாந்தனர். அடைகாக்கும் காலத்தில் பகைவர் கண்ணுக்கு எளிதிற் புலப்படாமல் இருக்க இந்நிற மாற்றம் உதவுகின்றது என்று கருதப்படுகின்றது.

உயர்ந்த மரங்களின் கிளைகளில் சுள்ளிகளைக் கொண்டு கொண்டை அன்றில் கூடு கட்டும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி ஏறத்தாழ நான்கு வாரங்கள் அடைகாக்கும். குஞ்சு பொரித்து ஒன்றரை மாதத்தில் பறக்கத் தொடங்கும். இதன் உணவு சேற்றில் வாழும் அயிரை போன்ற சிறு மீன்கள், தவளை, நத்தை, நண்டு, பூச்சி முதலியன. ஆழமான நீரில் இதனால் இரை தேட இயலாது. காய்ந்த நிலத்திலும் அதன் அலகுக்கு வேலை குறைவு. கணுக்கால் அளவு நீர் நிற்கும் சேற்று வயலே இதற்கு ஏற்ற இடம். இவ்வொரு செய்தியை மாணவர்கள் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். இப்பறவை அழிய நேர்ந்ததற்கும், பின்னர்ப் பிழைத்ததற்கும் காரணம் இதனுள் அடங்கியிருக்கின்றது.

ஒரு காலத்தில் சீனம், ஜப்பான், கொரியா, உருசிய நாட்டின் கீழ்க்கோடி ஆகிய இடங்களிலெல்லாம் கொண்டை அன்றில் மிகுதியாக வாழ்ந்தது. ஜப்பானில் அது அத்துணைப் பெருகியிருந்தமையால், அறிவியலார் அதற்கு இட்ட இலத்தீனப் பெயரிலேயே அந்நாட்டின் பெயர் இருமுறை வருகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜப்பானில் வேட்டைக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. இறகுக்காகவும் இறைச்சிக்காகவும் மக்கள் அதனைச் சுட்டுக் கொன்றனர். வேட்டைக்குத் தப்பியவற்றையும் பின்னர் வேறு கேடுகள் சூழ்ந்தன. கூடு கட்டும் பெருமரங்கள் வெட்டப்பட்டன. வயல்களில் தெளித்த பூச்சிக்கொல்லி மருந்து பூச்சியோடு நில்லாமல் மீனையும் தவளையையும் கொன்றது. அவற்றைத் தின்ற பறவையின் உடலிலும் சேர்ந்தது. எஞ்சிய பறவைகள் சாடோ என்னும் தீவில் ஒதுங்கின. 1981-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், அத்தீவில் கடைசியாக இருந்த ஐந்து பறவைகளையும் ஜப்பானியர் பிடித்துக் கூண்டில் அடைத்தனர். காட்டில் விட்டுவைத்தால் அவை அழிவது உறுதி. கூண்டிலாவது குஞ்சு பொரிக்கட்டும் என்பதே அவர்கள் எண்ணம். அன்றோடு ஜப்பானிய வானத்தில் கொண்டை அன்றில் இல்லாமற் போயிற்று. கொரியாவிலும் அது மறைந்துவிட்டது. சீனத்திலோ, 1964-ஆம் ஆண்டிற்குப் பிறகு அதனைக் கண்டதாக உறுதியான சான்று ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆயினும், சீனம் பரந்த நாடு. அதன் ஏதோ ஒரு மலை மூலையில் சில பறவைகளேனும் எஞ்சியிருக்கக்கூடும் என்று அறிஞர் சிலர் நம்பினர். சீன அறிவியற் கழகத்தின் விலங்கியல் நிலையத்தைச் சேர்ந்த லியூ யின்செங் என்பவர் 1978-ஆம் ஆண்டில் இப்பறவையைத் தேடிப் புறப்பட்டார். அவருக்கு வழிகாட்டியாக இருந்தவை பழைய குறிப்புகளும், அருங்காட்சியகங்களில் பதப்படுத்தி வைத்த பறவை உடல்களும், சில படங்களுமே. பத்துக்கும் மேற்பட்ட மாகாணங்களில் ஏறத்தாழ 50,000 கிலோமீட்டர் தொலைவு அவரும் அவர் குழுவினரும் அலைந்தனர். முன்பு பறவை இருந்ததாகக் குறிப்புகள் கூறிய இடங்களுக்கெல்லாம் சென்றனர். சில ஊர்களில், "முன்பு இருந்தது, இப்போது இல்லை" என்ற விடை கிடைத்தது. சில ஊர்களில் கொக்கையும் நாரையையும் காட்டி, "நீர் தேடுவது இதுதானே?" என்றனர். மூன்று ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன.

ஒரு பொருள் இருக்கின்றது என்று மெய்ப்பிக்க, அதனை ஒரு முறை கண்டால் போதும். இல்லை என்று மெய்ப்பிப்பதற்கோ நாடு முழுவதையும் தேடி முடித்தாக வேண்டும். லியூ யின்செங்கின் நிலை இதுதான். அவர் கைவிட்டிருந்தால் எவரும் குறை கூறியிருக்க மாட்டார். எனினும் அவர் 1981-ஆம் ஆண்டில் மீண்டும் சின்லிங் மலைச்சாரலுக்கு வந்தார். யாங் வட்டத்தில் அவர் ஓர் எளிய வழியைக் கையாண்டார். அக்காலத்தில் சிற்றூர் மக்கள் பெருந்திரளாகக் கூடுவது திரைப்படம் பார்ப்பதற்கே. படம் தொடங்குமுன், கொண்டை அன்றிலின் உருவத்தைத் திரையில் காட்டி, இதனைக் கண்டவர் உண்டா என்று கேட்கச் செய்தார். அதனைக் கண்ட உழவர் ஒருவர், தம் ஊர்ப் பக்கத்தில் செந்நாரையைப் பார்த்ததுண்டு என்று முன்வந்தார். அவர் காட்டிய வழியிற் சென்றபோது, அவ்வாண்டு மே மாதத்தில், சின்ஜியாஹ என்னும் மலையூரின் அருகே இளஞ்சிவப்புச் சிறகு விரித்த பறவை ஒன்று அவர் தலைக்கு மேலே பறந்து சென்றது. அங்கே ஓர் இணை இருந்தது. சில நாள்களுக்குப் பிறகு, அடுத்துள்ள யாவ்ஜியாகோ என்னும் இடத்தில் மற்றோர் இணையும், அதன் கூட்டில் மூன்று குஞ்சுகளும் காணப்பட்டன. பெரியவை நான்கு, சிறியவை மூன்று, ஆக ஏழு. ஜப்பானியக் கூண்டில் இருந்த சிலவற்றை நீக்கினால், உலகில் அறியப்பட்ட கொண்டை அன்றில்கள் இவ்வளவே.

நாடெங்கும் அழிந்த பறவை இந்த மலையூர்களில் மட்டும் எஞ்சியது ஏன்? இவ்வூரார் பறவைகளைக் காக்கவேண்டும் என்று கருதி எதனையும் செய்தவர் அல்லர். அவர்களுடைய வறுமையே பறவைக்கு அரணாக இருந்தது என்று கூறினால் அது மிகையன்று. யாங் வட்டம் நெடுங்காலம் சீனத்தின் வறிய வட்டங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டு வந்தது. மலையூர்களுக்குச் சாலை இல்லை. செயற்கை உரமும் பூச்சி மருந்தும் வாங்கப் பணமும் இல்லை. வீட்டருகிலும் கல்லறைகளின் அருகிலும் நின்ற முதுமரங்களை வெட்டலாகாது என்ற வழக்கமும் அவர்களிடையே இருந்தது. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, அவர்கள் வயலில் நீர் தேக்கிய முறையைக் கூறுதல் வேண்டும்.

சமவெளியில் வாய்க்கால் பாசனம் உண்டு. ஆதலின் அங்கு உழவர் இலையுதிர் காலத்தில் நெல்லை அறுத்தவுடன் நீரை வடித்துவிட்டு, கோதுமையோ கடுகோ விதைத்து இரண்டாம் விளைச்சல் எடுப்பர். மலைச்சரிவின் படிவயல்களுக்கு வாய்க்கால் இல்லை. மழை நீரே துணை. வேனிலில் நாற்று நடும்போது மழை பொய்த்தால் ஆண்டு முழுவதும் பட்டினிதான். ஆகவே, அறுவடை முடிந்ததும் வரப்பை அடைத்து, குளிர்காலம் முழுவதும் வயலிலேயே நீரைத் தேக்கி வைப்பர். இதனைக் குளிர்கால நீர்வயல் என்பர். இரண்டாம் விளைச்சலை இழந்து, அடுத்த ஆண்டின் முதல் விளைச்சலுக்கு உறுதி தேடிக்கொள்ளும் முறை இது. மலையெங்கும் இரை அரிதாகும் மார்கழி, தை மாதங்களில் இந்த நீர்வயற் சேற்றில் அயிரையும் நத்தையும் கிடைத்தன. அவற்றை உண்டே அந்த ஏழு பறவைகளின் முன்னோர் குளிர்காலத்தைக் கடந்து வந்தன. நாட்டின் பிற பகுதிகளில் நீர்வயல்கள் இருபோக வயல்களாக மாறிய காலத்தில், இம்மலையூர்களில் மட்டும் பழைய முறை மாறாமல் இருந்தது.

பறவை கண்டுபிடிக்கப்பட்டவுடன் வட்ட ஆட்சியாளர் நான்கு தடைகளை விதித்தனர். பறவை நடமாடும் இடங்களில் வேட்டையாடலாகாது. அது கூடு கட்டும் மரங்களையும் அடையும் மரங்களையும் வெட்டலாகாது. இரை தேடும் வயல்களில் பூச்சி மருந்தும் செயற்கை உரமும் இடலாகாது. கூடுகளின் அருகே புதுநிலம் திருத்துவதும் வெடி வைத்துப் பாறை உடைப்பதும் கூடா. கூடுள்ள மரத்தடியில் குடிசை அமைத்து, இனப்பெருக்கக் காலம் முழுவதும் காவலர் தங்கினர். குஞ்சு தவறி விழுந்தால் தாங்கிக்கொள்ள மரத்தின் கீழே வலை கட்டினர். முட்டையையும் குஞ்சையும் விழுங்க வரும் பாம்பு மேலே ஏறாதபடி மரத்தண்டைச் சுற்றித் தடை அமைத்தனர். இரை அருகிய காலங்களில் அயிரை மீனைக் கொணர்ந்து வயலில் விட்டனர்.

தடைகளை எழுதுவது எளிது. அவற்றைத் தாங்கியவர் யார் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். உரமிடாத வயலில் நெல் குறைவாக விளைந்தது. மருந்து தெளிக்காத பயிரைப் பூச்சி தின்றது. புதிதாக நட்ட நாற்றுகளுக்கிடையே பறவைகள் நடந்து இரை தேடும்போது நாற்று மிதிபட்டது. அண்டை வட்டத்து உழவன் உரமும் மருந்தும் இட்டு இருமடங்கு விளைவித்துச் செங்கல் வீடு கட்டிக்கொள்ளும்போது, பறவைக்காகத் தான் மட்டும் ஏன் வறியவனாகவே இருக்கவேண்டும் என்று ஓர் உழவன் கேட்டால், அக்கேள்வி நேர்மையற்றது என்று யாரால் கூறமுடியும்? உலகத்தார் அப்பறவையின் படத்தைக் கண்டு மகிழ்ந்தனர். அதற்குரிய விலையைக் கொடுத்தவர்கள் சில மலையூர்க் குடும்பத்தாரே. குளிர்காலத்தில் வயலில் நீர் தேக்கி வைப்பவர்களுக்குப் பாதுகாப்பு நிலையத்தார் பணம் வழங்கினர். எனினும் அது இழப்பு முழுவதையும் ஈடுசெய்யப் போதுவதாக இல்லை. இக்குறை தீர நெடுங்காலம் சென்றது.

இதற்கிடையே பறவைகளைக் கூண்டில் வளர்த்துப் பெருக்கும் முயற்சியும் நடைபெற்றது. 1981-ஆம் ஆண்டில் கண்ட மூன்று குஞ்சுகளுள் நலிந்த ஒன்றைப் பெய்ஜிங் விலங்குக்காட்சிசாலைக்குக் கொண்டுசென்று வளர்த்தனர். அதற்கு ஹுவாஹுவா என்று பெயர். 1985-ஆம் ஆண்டில், சாடோத் தீவில் எஞ்சியிருந்த கின் என்னும் பெண் பறவைக்கு இணையாக ஹுவாஹுவா ஜப்பானுக்கு அனுப்பப்பட்டது. ஆனால் குஞ்சு பிறக்கவில்லை. 1989-ஆம் ஆண்டில்தான் பெய்ஜிங்கில் கூண்டுப் பறவைகளிடம் முதன்முறையாகக் குஞ்சு பொரித்து வளர்ந்தது. அடுத்த ஆண்டில் யாங் வட்டத்திலேயே பறவைகளை மீட்டு வளர்க்கும் நிலையம் ஒன்று அமைந்தது. 1999-ஆம் ஆண்டு சனவரியில் யூயூ, யாங்யாங் என்னும் இணையைச் சீன அரசு ஜப்பானுக்கு அன்பளிப்பாக அனுப்பியது. அவ்வாண்டு மே மாதத்திலேயே அவற்றிற்குக் குஞ்சு பிறந்தது. சாடோத் தீவின் பழங்குலத்தில் கடைசியாக வாழ்ந்த கின், 2003-ஆம் ஆண்டு அக்டோபரில் இறந்தது. ஆனால் 2008-ஆம் ஆண்டு செப்டம்பரில் அதே தீவின் வானத்தில் பத்துப் பறவைகள் பறக்கவிடப்பட்டன. கொரியாவுக்கும் அதே ஆண்டில் ஓர் இணை சென்றது. அதன் வழிவந்த பறவைகளும் பின்னர் அனுப்பப்பட்டவற்றின் வழிவந்தவையும் 2019-ஆம் ஆண்டில் அந்நாட்டு நீர்நிலைகளில் விடப்பட்டன. இப்பறவைகள் யாவற்றிற்கும் தாயகம் யாங் வட்டத்து மலைச்சரிவே.

யாங் வட்டத்திலும் பறவைகள் பெருகின. 2005-ஆம் ஆண்டில் அவற்றின் வாழிடம் நாட்டளவிலான காப்பிடமாக உயர்த்தப்பட்டது. அக்காப்பிடம் வேலியிட்ட காடு அன்று. அதனுள்ளே ஊர்கள் உள்ளன, வயல்கள் உள்ளன, பள்ளிக்கூடங்களும் சந்தைகளும் உள்ளன. மலையில் கூடு கட்டும் பறவைகள், குஞ்சுகள் பறக்கத் தொடங்கியதும் கோடைக் கடைசியில் கூட்டமாகச் சமவெளிக்கு இறங்கிவரும். உழவன் மாட்டையோ உழுபொறியையோ ஓட்டிச் செல்ல, புரண்ட சேற்றில் வெளிப்படும் இரைக்காக அவன் பின்னாலேயே அஞ்சாமல் நடக்கும். சியான், செங்டு என்னும் இருபெரு நகரங்களை இணைக்கும் விரைவு இருப்புப்பாதை 2017-ஆம் ஆண்டு திசம்பரில் திறக்கப்பட்டது. அது யாங் வட்டத்தின் வழியே செல்வதால், தாழப் பறக்கும் பறவைகள் வண்டியில் மோதாதவாறு பாதையின் இரு மருங்கிலும் பல கிலோமீட்டர் தொலைவுக்கு வலை கட்டியுள்ளனர். 1981-ஆம் ஆண்டில் ஏழாக இருந்த பறவைகள், நாற்பது ஆண்டுகள் சென்று 2021-ஆம் ஆண்டில் உலகமெங்கும் 7,000-க்கும் மேற்பட்டிருந்தன.

உழவரின் இழப்புக்கு வழி கண்டது எவ்வாறு? பூச்சி மருந்து இல்லாத வயலில் விளைந்த அரிசிக்கு நகரங்களில் மிகுந்த விலை கொடுக்க மக்கள் முன்வந்த காலம் ஒன்று வந்தது. யாங் வட்டத்தார் தம் குறையையே நிறையாக்கிக்கொண்டனர். பறவை இறங்கி உண்ணும் வயலில் நஞ்சு இருக்கமுடியாது. ஆகவே அவ்வயலின் அரிசி தூயது என்பதற்குப் பறவையே சான்று என்று கூறி விற்றனர். அவ்வட்டத்தில் தொன்றுதொட்டு விளையும் கருநிற அரிசியும், பேரிக்காய் முதலிய பழங்களும் இவ்வாறே நாடெங்கும் சென்றன. இவ்வழியால் எல்லா உழவரும் செல்வராகிவிட்டனர் என்று கூறுவதற்கில்லை. இயற்கை முறை வேளாண்மை கையுழைப்பை மிகுதியாக வேண்டுவது. சான்றிதழும் சந்தையும் வாய்த்த ஊருக்குப் பயன் மிகுதி, வாய்க்காத ஊருக்குக் குறைவு. எனினும், பறவையைக் கண்டால் தன் பயிருக்குக் கேடு என்று முகம் சுளித்த உழவன், தன் அரிசிக்கு விளம்பரம் என்று அதனை நோக்கத் தொடங்கியது சிறிய மாற்றம் அன்று.

வட்டத்தின் வடக்கு மலைகளில் நிகழ்ந்த செய்தியும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. சாங்சிங் என்னும் அக்காட்டுப் பகுதியில் பெரும்பாண்டா என்னும் கருப்பு வெள்ளைக் கரடி வாழ்கின்றது. பொன்னிற மயிர் போர்த்த குரங்கும், ஆட்டையும் மாட்டையும் ஒத்த தாகின் என்னும் பெருவிலங்கும் அங்கு உண்டு. கொண்டை அன்றிலோடு சேர்த்து இந்நான்கினையும் சின்லிங்கின் நான்கு செல்வங்கள் என்று அந்நாட்டார் பாராட்டுவர். ஆனால், சாங்சிங் ஒரு காலத்தில் மரம் வெட்டும் தொழிற்களமாகவே இருந்தது. பெய்ஜிங் பல்கலைக்கழகப் பேராசிரியர் பான் வென்ஷி, 1980-களின் நடுவிலிருந்து அங்குப் பல ஆண்டுகள் தங்கிப் பாண்டாக்களின் வாழ்க்கையை ஆராய்ந்தார். மூங்கிற்காடும் பெருமரங்களும் அழிவதைக் கண்ட அவர், மரம் வெட்டுவதை நிறுத்தவேண்டும் என்று நடுவண் அரசுக்கு வேண்டுகோள் விடுத்தார். 1990-களின் நடுவில் வெட்டுதல் நிறுத்தப்பட்டது, அவ்விடம் காப்புக்காடாயிற்று. கோடரி பிடித்த தொழிலாளருள் ஒரு பகுதியினர் அக்காட்டுக்கே காவலர் ஆயினர். எந்தச் சரிவில் எந்த மரம் நின்றது என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் யாவர்?

அக்காட்டின் வாயிலில் ஹுவாயாங் என்னும் பழம்பேரூர் இருக்கின்றது. சின்லிங் மலையைக் கடந்து வடபுலத்திற்குச் சென்ற பண்டைப் பெருவழி ஒன்று இதன் வழியாகவே சென்றது. அவ்வழி கைவிடப்பட்ட பின் ஊரும் மறக்கப்பட்டது. இப்போது அதன் கல் பாவிய தெருக்களில் மீண்டும் ஆள்நடமாட்டம் உண்டு. நகரத்தார் வந்து, ஊரார் வீடுகளில் தங்கி, அவர்கள் சமைத்த உணவை உண்டு, விலங்குகளையும் பறவைகளையும் கண்டு செல்கின்றனர். வருவோர் மிகுந்தால் காட்டுக்கு ஆரவாரமும் குப்பையும் மிகும் என்பது உண்மையே. ஆகவே காட்டின் உட்பகுதியில் அவர்களை விடுவதில்லை. வெளிப்பகுதியோடு அவர்கள் நின்றுவிட வேண்டும்.

இவ்வாறெல்லாம் கூறினாலும், கொண்டை அன்றிலின் துன்பம் அடியோடு நீங்கிவிட்டது என்று எண்ணலாகாது. இன்று வாழும் ஆயிரக்கணக்கான பறவைகளும் அன்று எஞ்சிய சில பறவைகளின் வழித்தோன்றல்களே. நெருங்கிய உறவில் பிறந்த உயிர்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். ஒன்றுக்கு வந்த நோய் மற்றவற்றையும் எளிதில் பற்றக்கூடும். இதனாலேயே அவற்றை ஓரிடத்தில் குவித்து வைக்காமல், 2007-ஆம் ஆண்டு முதல் நிங்ஷான் போன்ற வேறு வட்டங்களிலும் கொண்டுசென்று விட்டு வருகின்றனர். சமவெளிக்கு வரும் பறவைகளுக்கு மின்கம்பிகளாலும், வெளியிடங்களில் தெளிக்கும் மருந்துகளாலும் இடையூறு உண்டு.

இவற்றினும் பெரிய இடையூறு ஒன்று மலைமேல் நேர்ந்துள்ளது. சாலையும் பள்ளியும் வந்தபின், மலையூர்களில் பிறந்த இளைஞர் படித்துத் தொலைநகரங்களுக்குத் தொழில் தேடிச் செல்கின்றனர். அவர்களைப் போகவேண்டா என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஊரில் தங்குவோர் பெரும்பாலும் முதியோரே. இலையுதிர் காலத்தில் சரிந்த வரப்பைச் சேறு பூசி உயர்த்தி, மடையை அடைத்து, படிவயலில் நீர் தேக்குவது எளிய வேலை அன்று. அதற்கு வலிய தோளும் பல நாள் உழைப்பும் வேண்டும். ஆள் இல்லாத வயல்களில் வரப்பு உடைகின்றது, நீர் வடிந்துபோகின்றது, இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆளுயரத்திற்குப் புல்லும் புதரும் மண்டிவிடுகின்றன. அங்குச் செயற்கை உரமும் இல்லை, பூச்சி மருந்தும் இல்லை, வேட்டைக்காரரும் இல்லை. ஆயினும் கொண்டை அன்றில் அவ்வயல்களில் இறங்குவதில்லை. பக்கத்துச் சரிவில், முதியவர் ஒருவர் இன்னும் நீர் தேக்கி வைத்திருக்கும் வயலைத் தேடியே அது செல்கின்றது.